முதலில் திருகாணியைப் பார்

எனக்குச் சொந்தமாக ரிவோல்வர், அந்தச் சுழல் துப்பாக்கி, ஒன்றும் இல்லை. இந்த நிமிடம் வரைக்கும் ஒன்றைக் கையால் தொட்டதும் இல்லை. மட்டக்களப்புக் கல்லடியில் தையல் மெஷின் திருத்துகிற ஆள் நான், அவ்வளவுதான். ஆனால் கடந்த ஏழெட்டு வருடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பழைய அமெரிக்க ரிவோல்வர்களைப் படத்தில் பார்த்து, இது அசல், இது மினுக்கினது, இதுக்கு இவ்வளவுக்கு மேலே ஒரு சதமும் குடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் வந்திருக்கிறது. பிழைத்ததும் உண்டு, அதில் ஒன்றை நினைத்தால் இப்பவும் வயிறு எரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

வாங்குகிறவன் என் மாமாவின் மகன், ஒஹாயோவில் இருக்கிறான். 1990-இல் இங்கிருந்து வெளிக்கிட்டு எங்கெங்கோ அலைந்து கடைசியில் அங்கே போய் நின்றவன். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டில் போனபிறகு பழைய சாமான் விற்கிற சந்தைகளுக்குப் போகத் தொடங்கினான். முதலில் மணிக்கூடு, அப்புறம் கமரா, அப்புறம் இது. ஒருநாள் இரவு வட்ஸ்அப்பில் கேட்டான், "மச்சான், உன்ட சிங்கர் கொம்பனி துவக்கு செய்தது தெரியுமா?" பகிடி விடுகிறான் என்றுதான் நினைத்தேன். முப்பது வருடம் அந்தக் கொம்பனியின் மெஷினைக் கழற்றிப் பூட்டிச் சோறு தின்கிறவனுக்கே தெரியாத கதையா?

உண்மைதான். இரண்டாம் உலகப்போர் நேரம் அமெரிக்க இராணுவம் பரீட்சார்த்தமாகச் செய்து பார்க்கச் சொல்லி சிங்கருக்கு 500 பிஸ்டல்களுக்கு ஓர் ஓடர் கொடுத்தது, .45 அளவு. 1941-இல் செய்து கொடுத்தார்கள். எஸ் 800001 தொடங்கி எஸ் 800500 வரை இலக்கம். அதோடு சரி, அப்புறம் சிங்கரை வேறு போர்க்கருவிகள் செய்யத் திருப்பிவிட்டார்கள். அந்த 500-க்கும் இன்றைக்கு இருக்கிற கிராக்கி கொஞ்சநஞ்சமல்ல, அதனால் போலியும் நிறைய. அது ரிவோல்வர் இல்லைதான், ஆனால் எனக்குக் கதவு திறந்தது அதில்தான். இலக்கத்தைப் பார்த்து வயது சொல்வது என் தொழிலில் தினமும் நடக்கிற காரியம். ஒரு சிங்கரின் இலக்கம் வை என்றோ எஃப் என்றோ தொடங்கினால் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் செய்தது, மிச்சத்தை அட்டவணையில் பார்த்தால் வருடம் வந்துவிடும். துவக்கிலும் இதே வேலைதானா என்று கேட்டேன். இதே வேலைதான், ஆனால் பொய் கூட என்றான்.

பிறகு வாசிக்க வாசிக்கத்தான் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று விளங்கியது. சாமுவேல் கோல்ட் 1836-இல் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை எடுத்தார். பிறகு கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் பெரிய தொழிற்சாலை கட்டினார். அங்கே வேலை செய்த பிராட், விட்னி என்ற இரண்டு பேர்தான் பின்னர் தனியாகப் போய் இயந்திரங்கள் செய்யும் கொம்பனி தொடங்கியவர்கள். அந்தப் பெயரை இப்போது விமான எஞ்சினில் பார்க்கலாம். ரெமிங்டன் துவக்கும் செய்தது, தையல் மெஷினும் செய்தது, தட்டச்சு மெஷினும் செய்தது. ஒரே மாதிரியான சின்ன உதிரிப்பாகத்தை ஆயிரக்கணக்கில், ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்துகிற மாதிரிக் கடைவது எப்படி என்று துவக்குக்காரர்கள் படித்ததுதான் தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆகவே ஒரு பழைய கோல்ட்டின் பக்கவாட்டுப் படத்தை முதன்முதல் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு அது புது ஊராகத் தெரியவில்லை. ஆணி, வில், நெம்பு, பல்லு. எல்லாம் தெரிந்த முகங்கள்.

தெரிந்த முகம் என்றாலும், இந்த ஊர்க்காரனுக்கு இதில் ஆசை வருவது லேசான விஷயம் இல்லை. நாங்கள் துவக்கு என்ற சொல்லையே வீட்டுக்குள் மெல்லமாகச் சொல்லி வளர்ந்த ஆட்கள். என் மனைவி இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டாள், "உங்கட மச்சான்ட சாமான் படம் வந்திருக்கு" என்பாள். யுத்த காலத்தில் இந்தப் பக்கத்தில் சாமான் என்றால் என்ன என்று வயது வந்தவர்களுக்குத் தெரியும்.

1990-களின் நடுவில் ஒருநாள் படுவான்கரைப் பக்கம் ஒரு வீட்டில் பழைய சிங்கர் 28கே ஒன்றைத் திருத்தப் போனேன். கீழ்நூலைக் கொண்டு ஓடுகிற அதன் ஷட்டில் இப்போதைய மெஷின்களில் இருக்கிற வட்டப்பெட்டி மாதிரி இருக்காது. நீளமாக, ஒரு முனை கூராக, பளபளவென்று உருக்கில் செய்திருப்பார்கள். முனையில் தேய்வு இருந்ததால் கடையில் வைத்துத் தேய்த்துக்கொண்டு வரலாம் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். சோதனைச் சாவடியில் நின்ற பொடியன் பையைத் தடவினான். விரலளவில் கூரான இரும்பு. அவன் முகம் மாறியது. எனக்குச் சிங்களம் அரைகுறை, அவனுக்குத் தமிழ் சுத்தமாக இல்லை. ரோட்டோரம் குந்தச் சொன்னார்கள். ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் இருந்தேன். பிறகு வந்த பெரியவர் ஒருவரிடம் அதைத் திறந்து உள்ளே இருந்த நீளப் பொபினை எடுத்து நூலை இழுத்துக் காட்டினேன். அவரும் ஒருதரம் இழுத்துப் பார்த்தார். ஷட்டிலைத் திருப்பித் தந்தார்கள், பொபினை ஏனோ தரவில்லை. அந்த நீளப் பொபின் அப்பவே கிடைக்காத சாமான்.

இங்கிலீசில் அந்த ஷட்டிலுக்கே 'சன்னம்', அதாவது துவக்குக் குண்டு, என்றுதான் பெயராம். மச்சான் சொன்னபோது சிரிப்பு வந்தது, கொஞ்சம் பிந்தி வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ரிவோல்வர் படம் வந்தால் நான் முதலில் பார்ப்பது குழலையும் இல்லை, கொம்பனிப் பெயரையும் இல்லை. திருகாணித் தலையை. எங்கள் தொழிலில் ஒரு மெஷினைத் திருப்பிப் போட்டதும் ஆணித் தலையின் வெட்டைப் பார்த்தே, இதற்கு முன்னால் கைவைத்தவன் வேலை தெரிந்தவனா, சைக்கிள் கடையில் இரவல் வாங்கின ஸ்குரூடிரைவரோடு வந்தவனா என்று சொல்லலாம். வெட்டின் இரண்டு விளிம்பும் கூராக நேராக இருந்தால் யாரும் தொடவில்லை, அல்லது தொட்டவனுக்குத் தொழில் தெரியும். விளிம்பு நசிந்து, ஒரு மூலை கிளம்பி, வாயைச் சுற்றிக் கீறல் கிடந்தால் உள்ளே எதையோ மாற்றியிருக்கிறார்கள். ஸ்மித் அண்ட் வெசன் கொம்பனியின் ரிவோல்வரில் இன்னொரு இலாபம் உண்டு, ஆணியை எண்ணினாலே காலம் வந்துவிடும். சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வருகிற பழைய மொடல்களில் ஐந்து ஆணி தெரியும், 1950-களின் நடுவில் பக்கத்தகட்டின் மேல் ஆணியை எடுத்துவிட்டார்கள், 1960-களின் தொடக்கத்தில் விசைக்கு முன்னால் இருந்த இன்னொன்றும் போனது. மூன்று ஆணி உள்ள ஒன்றை யாரும் "1940-ஆம் ஆண்டுச் சாமான்" என்று சொன்னால் சிரித்துவிட்டு வரலாம்.

ஆணிக்குப் பிறகு ஆணி போகிற ஓட்டை. தொழிற்சாலையில் தட்டையாகத் தீட்டும்போது ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். பிறகு எவனாவது கறளை எடுக்கிறேன் என்று மினுக்கும் சக்கரத்தில் பிடித்தால், சக்கரத்தின் துணி அந்த ஓட்டைக்குள் கொஞ்சம் இறங்கும், விளிம்பு கிண்ணம் மாதிரிக் குழிந்துவிடும். அதே கையோடு கோல்ட்டின் இடப்பக்கத்தில் இருக்கிற துள்ளும் குதிரைக்குட்டி முத்திரையின் கால் மங்கும், குழலின் மேல் எழுத்தின் ஓரம் கரைந்துபோகும். மேலே எவ்வளவு வடிவான நீலம் (இரும்புக்குப் போடுகிற கருநீலப் பூச்சு) போட்டிருந்தாலும் இந்தக் குழியை மறைக்க ஏலாது. படத்தை பிளாஷ் போட்டு எடுத்தால் இதெல்லாம் தெரியாது. அதனால் மச்சானுக்கு என் முதல் சட்டம்: பிளாஷ் இல்லை, காலை வெளிச்சத்தில் யன்னலோரம், வெளிச்சம் சரிவாக விழவேண்டும். அதற்கும் முந்திய சட்டம், ரவை (தோட்டா) போடுகிற உருளையான சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் வெறுமை என்று காட்டுகிற படம் வராவிட்டால் மற்றப் படங்களை நான் திறக்கவே மாட்டேன். எனக்குப் படத்தில் இருந்து வெடிக்காது, தெரியும். அவனுக்காகத்தான்.

புதிதாகச் சேர்க்கிறவர்கள் எல்லாரும் மினுங்குகிறதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். எங்கள் ஆட்கள் சிங்கரின் தங்கப்பூ அழிந்துவிட்டது என்று ஸ்பிரே அடித்துக் கொண்டுவருவார்களே, அதே நோய். ஒரு ரிவோல்வரின் விலையில் பெரும் பங்கு தொழிற்சாலையில் போட்ட பூச்சு எத்தனை வீதம் மிச்சம் இருக்கிறது என்பதில்தான் நிற்கிறது. நூறு வருடம் உறைக்குள் போய் வந்து குழலின் முனையில் நீலம் தேய்ந்து, பிடியின் பின்பக்கம் மண்ணிறமாகி, சிலிண்டரைச் சுற்றி மெல்லிய கோடு விழுந்த ஒன்று, போன மாதம் யாரோ கறுப்பாக நீலம் போட்டுக் கொடுத்ததைவிடக் கூட விலைபோகும். தேய்வு எங்கே விழவேண்டுமோ அங்கே விழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மெஷினில் துணி உராய்கிற வலப்பக்கத்துப் பூ அழிந்து, கை படாத பின்பக்கத்துப் பூ புதிதாக இருக்குமே, அது மாதிரி. எல்லா இடமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் அது பாவித்த தேய்வு இல்லை, எமரித்தாள்.

நிக்கல் பூசினது இன்னும் சுலபம். மச்சான் ஆரம்பத்தில் ஒரு .38 ஸ்மித் அண்ட் வெசன் வாங்கினான், மேலே கொண்டி, நடுவால் மடிந்து திறக்கிற வகை, முழுக்க வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி. எனக்குக் காட்டாமலே 320 டொலர் கொடுத்துவிட்டான். படத்தைப் பார்த்ததும் கேட்டேன், விசையும் குதிரையும் ஏன் வெள்ளையாக இருக்கு என்று. (துப்பாக்கியின் அந்தச் சுத்தியலுக்குத் தமிழில் குதிரை என்று பெயர் இருப்பது எனக்கு எப்பவும் பிடித்த விஷயம், கோல்ட் என்றாலும் குதிரைக்குட்டிதானே.) அந்தக் கொம்பனி நிக்கல் பூசி அனுப்பினதில் குதிரையும் விசையும் சூடேற்றிக் கடினமாக்கின வண்ணத்திலும், விசையைச் சுற்றின வளையம் நீலத்திலும் இருக்கும். எல்லாமே வெள்ளை என்றால் பின்னால் ஒரு கடைக்காரன் மொத்தமாகத் தொட்டியில் போட்டு எடுத்திருக்கிறான். "விலை பாதி" என்றேன். இரண்டு நாள் கதைக்கவில்லை அவன்.

அந்தச் சூடேற்றின வண்ணம் இருக்கிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பின பெட்டிக்குள் இரும்பை வைத்துச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் கொட்டுவார்கள். மேல்தோல் கடினமாகும், கூடவே நீலமும் மஞ்சளும் ஊதாவுமாக நிறங்கள் படரும். வாவியில் தோணி எஞ்சினின் மண்ணெண்ணெய் சிந்தினால் தண்ணீரின் மேலே ஒரு நிறம் ஓடுமே, அதுதான். வெயில் பட்டால் போகும், கை பட்டால் போகும், நூறு வருடத்தில் சாம்பல் வெள்ளையாகிவிடும், பிடிக்கட்டையின் ஓரத்திலும் குதிரையின் இடுக்கிலும் மட்டும் ஒளிந்து கிடக்கும். ஆகவே வெளியே நிறம் பளிச்சென்று இருந்து இடுக்கில் இல்லாவிட்டால், ஆரோ நெருப்புக்குழாய் பிடித்து நிறம் வரவழைத்திருக்கிறார்கள்.

இலக்கம் கேட்டால் மச்சான் வழமையாகப் பிழையான இலக்கத்தைத்தான் அனுப்புவான். ஸ்மித் அண்ட் வெசனில் சிலிண்டரை வெளியே தள்ளினால் அதைத் தாங்குகிற கையின் இடுக்கில் ஓர் இலக்கம் தெரியும், எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள். அது தொழிற்சாலைக்குள் பாகங்களைச் சோடி சேர்க்கப் போட்ட இலக்கம், ஒன்றுக்கும் உதவாது. உண்மையான இலக்கம் பிடியின் அடியில். 1957-க்குப் பிந்தினதில் அந்த இடுக்கில் மொடல் இலக்கமும் இருக்கும், அது உதவும். பழைய ஸ்மித்களில் பிடிக்கட்டையைக் கழற்றினால் வலப்பக்க மரத்தின் உள்ளே பென்சிலால் அதே இலக்கத்தை எழுதியிருப்பார்கள், நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு தொழிலாளியின் பென்சில். ஒருமுறை அந்தப் படம் வந்தபோது நான் கொஞ்சநேரம் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 4-ஐ மேலே மூடாமல் எழுதுகிற ஆள் போல.

இன்னொரு காரியம் காதால் செய்வது. கோல்ட்டின் 1873-ஆம் ஆண்டு ஒற்றைச் செயல் மொடல், ஒவ்வொரு தரமும் குதிரையைக் கையால் இழுத்துத்தான் சுடவேண்டும், கௌபோய்ப் படங்களில் எல்லார் இடுப்பிலும் தொங்குகிறது, அதன் குதிரையை மெல்லப் பின்னால் இழுத்தால் நாலு சத்தம் வரும். கோல்ட் என்ற பெயரில் நாலு இங்கிலீசு எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சத்தம் என்று சேகரிப்பவர்கள் சொல்லிக்கொள்வார்கள். மச்சான் வெறும் துவக்கை போனுக்குப் பக்கத்தில் பிடித்து, ஆறு அறைக்கும் ஆறு தரம் இழுத்துக் குரல்பதிவாக அனுப்புவான். கடையை மூடிவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்பேன். ஒருதரம் ஐந்து அறைக்கு நாலு சத்தம் சுத்தமாக வந்தது, ஒன்றுக்கு மட்டும் சிலிண்டர் பூட்டுகிற சத்தம் நேரத்துக்கு வரவில்லை, குதிரை போய் நின்றபிறகுதான் சிலிண்டர் சோம்பேறித்தனமாக வந்து பூட்டிக்கொண்டது. சுழற்றுகிற கை தேய்ந்திருக்கு, அல்லது அந்த ஒரு பல்லு. திருத்தலாம், ஆனால் விலையில் கழிக்கவேண்டும். மெஷினில் ஊசிக்கும் ஷட்டிலுக்கும் நேரம் பிசகினால் வருகிற அதே வருத்தம்.

இனி அந்த வயிறு எரிகிற கதை.

இந்த 1873 மொடலின் முதல் தலைமுறை 1940 சுமார் வரை வந்தது. அதற்கு இரண்டு பெரிய அடையாளம் பார்ப்போம். ஒன்று, சிலிண்டரின் அச்சைப் பிடிக்கிற ஆணி. பிரேமின், அதாவது சட்டகத்தின், முன்பக்கத்தில் இருந்து சரிவாகப் போகிற திருகாணி என்றால் பழைய கரிமருந்து ரவைக் காலம், குறுக்கே போகிற வில் வைத்த அழுத்து ஆணி என்றால் 1890-களில் மாறினதற்குப் பிந்தியது. கரிமருந்துக் காலத்துப் பிரேமில் இப்போதைய ரவையைப் போடுகிறவனுக்குப் புத்தி இல்லை. மற்றது இலக்கம். பிரேமின் அடியில், விசைவளையத்தில், பிடியின் பின்தகட்டில் என்று மூன்று இடத்திலும் ஒரே இலக்கம் இருக்கவேண்டும். இராணுவம் வாங்கினது என்றால் பிரேமில் யூ.எஸ். என்ற முத்திரை. குதிரைப்படைக்குக் கொடுத்ததன் குழல் ஏழரை அங்குலம். இந்த யூ.எஸ். முத்திரையில்தான் போலி அதிகம். பூச்சுக்கு முதல் அடித்த எழுத்தின் ஓரம் மட்டமாக இருக்கும், பின்னால் அடித்ததில் இரும்பு பிதுங்கி எழுத்தைச் சுற்றி ஒரு மேடு தெரியும், உள்ளே வெறும் இரும்பு மினுங்கும்.

இவ்வளவும் படித்து வைத்திருந்த எனக்கு 2021-இல் ஒரு படம் வந்தது. யூ.எஸ். முத்திரை மட்டமாக, அசல் மாதிரி. ஆனால் குழல் ஐந்தரை அங்குலம். இலக்கம் பிரேமில் ஒன்று, விசைவளையத்தில் இன்னொன்று, பின்தகட்டில் மூன்றாவது ஒன்று. ஒரு வயோதிபரின் வீட்டுச் சாமான்கள் விற்கிற இடம், 3,000 டொலருக்குக் கொஞ்சம் குறைய. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "மூன்று துவக்கை உடைச்சு ஒன்று செய்திருக்கிறான், குழலையும் வெட்டியிருக்கிறான், விட்டுட்டு வா" என்று எழுதினேன். என் மேல் அவ்வளவு நம்பிக்கை எனக்கு. அவனும் விட்டுவிட்டு வந்தான். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் ஒன்றும் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாராம். ஒன்றும் பேசாமல் என்று அவன் சொன்னதும் எனக்கு ஏதோ பிசகிவிட்டது என்று பட்டது.

மூன்று நாளில் கண்டுபிடித்தேன். 1890-களில் இராணுவம் இந்தப் பழைய குதிரைப்படை ரிவோல்வர்களைச் சேமக்களஞ்சியத்தில் இருந்து திரும்ப எடுத்து, ஸ்பிரிங்ஃபீல்டிலும் கோல்ட் தொழிற்சாலையிலும் வைத்து, ஏழரையை ஐந்தரையாக வெட்டி, கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பூட்டிக் கொடுத்தது. கழற்றிக் குவித்த பாகங்களை எந்த இலக்கத்துக்கு எது என்று பார்த்துப் பூட்டிக்கொண்டிருக்கவில்லை, கைக்கு வந்ததைப் பூட்டினார்கள். சேகரிப்பவர்கள் அதை ஆர்ட்டிலரி (பீரங்கிப்படை) மொடல் என்பார்கள். அதில் இலக்கம் கலந்திருப்பதுதான் வழக்கம். நான் எதைப் போலிக்கு அடையாளம் என்று சொன்னேனோ அதுதான் அசலுக்கு அடையாளம். அந்த விலையைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு சும்மா நின்று போயிருக்கும்.

அதைவிட வெட்கம் என்னவென்றால் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இங்கே யுத்தத்துக்கும் சுனாமிக்கும் பிறகு நான் திருத்தின மெஷின்களில் எத்தனை ஒரே இலக்கத்தோடு இருந்தன? 2004 மார்கழிக்குப் பிறகு கல்லடிக் கடற்கரைப் பக்கம், நாவலடிப் பக்கம் மண்ணுக்குள் இருந்து எடுத்த மெஷின்கள் சாக்கில் வந்தன, தலை ஒருவருடையது, கால் இன்னொருவருடையது, சில்லு ஆருடையது என்றே தெரியாது. உப்புக் கறளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்து, ஓடக்கூடியதை ஓடக்கூடியதோடு பூட்டி அனுப்பினேன். நூறு வருடம் கழித்து ஒருவன் அதைப் பார்த்து "போலி" என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்வேனா? மச்சானுக்கு இதைச் சொன்னேன். "அதெல்லாம் சரி, என்ட கோல்ட் போனது போனதுதானே" என்றான்.

அதற்குப் பிறகு பிழையான இலக்கத்தைக் கண்டதும் துள்ளுவதை விட்டுவிட்டேன், ஏன் பிழைத்தது என்று முதலில் கேட்கிறேன். கடிதம் எடுக்கச் சொல்வதும் அதற்குப் பிறகுதான். கோல்ட்டின் ஆவணக்காப்பகத்துக்கும் ஸ்மித் அண்ட் வெசனின் வரலாற்று ஆட்களுக்கும் இலக்கத்தையும் கட்டணத்தையும் அனுப்பினால், பழைய பேரேட்டைப் பார்த்து இது எந்தத் திகதி, என்ன பூச்சோடு, எத்தனை அங்குலக் குழலோடு, எந்தக் கடைக்குப் போனது என்று எழுதித் தருவார்கள். நிக்கலில் போனது என்று கடிதம் சொல்லி உங்கள் கையில் இருப்பது நீலம் என்றால் கதை முடிந்தது. கடதாசியின் பலம் அப்படி. பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனை ஷெரீஃப் பாட் கேரட் 1881-இல் சுட்ட அந்த ஒற்றை கோல்ட், 2021-இல் ஏலத்தில் 60 இலட்சம் டொலருக்கு மேல் போனது. இரும்பு அதே இரும்புதான், யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்று இடைவெளி இல்லாமல் காட்ட முடிந்ததற்குத்தான் அந்த விலை. வாயால் சொல்கிற கதைக்கு ஒரு சதமும் இல்லை. அங்கே சந்தையில் இரண்டாவது ரிவோல்வர் எல்லாம் ஏதோ ஒரு கொள்ளைக்காரனுடையதாம்.

அங்கே ஒரு வசதி, 1898 முடிய முன்னர் செய்த துவக்கு மத்திய சட்டப்படி புராதனப் பொருள், சாதாரணத் துவக்குக்கு உள்ள கட்டுப்பாடு பெரும்பாலும் அதற்கு இல்லை. அதனால் ஒரே மொடலில் 1898-ஐயும் 1899-ஐயும் பக்கத்தில் வைத்தால் முந்தினதுக்கு விலை கூட. இங்கே நிலைமை வேறு. 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அம்பாறைப் பக்கம் யானைக்கும் பன்றிக்கும் வயல் காக்கிற ஒரு குழல் துவக்குக்கே அனுமதிப்பத்திரம் எடுத்து வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கைத்துவக்கைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை. எனக்கு அதில் மனக்குறை ஒன்றும் இல்லை, உண்மையைச் சொன்னால் இந்த ஊரில் அது என் மேசையில் கிடப்பதை என்னாலேயே பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. படமாக இருக்கும்வரை மெஷின்.

போன கிழமை வந்தது ஒரு ஸ்மித் அண்ட் வெசன் விக்டரி மொடல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தது, இலக்கத்துக்கு முன்னால் வி என்ற எழுத்து, மினுக்காத சாம்பல் பூச்சு, வடிவு என்று சொல்ல ஒன்றுமில்லை. இதில் 5 இலட்சத்துக்கு மேல் பிரித்தானியாவுக்கும் பொதுநலவாயப் படைகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அந்த நேரம் திருகோணமலையில் பிரித்தானிய விமானப்படைத் தளம் இருந்தது, 1942 ஏப்ரல் 9-இல் யப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பல் இன்னும் எங்கள் கடலுக்கு அடியில்தான் கிடக்கிறது. இது அப்படி எங்காவது சுற்றித் திரிந்ததா என்று அவன் கேட்டான். கடதாசி இல்லாமல் அந்தக் கதையைத் தொடங்காதே என்றேன், ஆனால் நானும் கொஞ்சநேரம் யோசித்துப் பார்த்தேன்தான்.

ஆணித் தலை சுத்தம். பிடியின் அடியில் கயிறு மாட்டுகிற வளையம் இல்லை, ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். குழலில் பிரித்தானியப் பரிசோதனை முத்திரைகள். எனக்கு இடிக்கிறது சிலிண்டர்தான். பிரித்தானியாவுக்குப் போனதெல்லாம் குட்டையான, கொஞ்சம் தடித்த .38 ரவைக்குச் செய்தது. போர் முடிந்து அமெரிக்காவுக்குத் திரும்ப வந்தபோது வியாபாரிகள் அறையை உள்ளே நீளமாகக் கடைந்து, அங்கே தாராளமாகக் கிடைக்கிற .38 ஸ்பெஷல் போடுகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். அது நீளம், ஆனால் ஒல்லி. சுட்டால் கோது அடிப்பக்கம் வீங்கி வரும். விற்கிறவரிடம் இதில் சுட்ட வெறுங்கோது ஏதும் இருந்தால் ஆறையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வீக்கம் இருந்தால் பாதி விலைக்கு மேல் போகவேண்டாம் என்றும் எழுதிவிட்டேன்.

இங்கே இப்போது பின்னேரம் மூன்று மணி, அங்கே இன்னும் விடியவில்லை. பதில் வர நேரம் எடுக்கும். களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு 28கே வந்து கிடக்கிறது, ஷட்டில் இருக்கு, உள்ளே பொபின் இல்லை. அதைத் தேடவேண்டும்.